மகமையும் நூற்றுக்கு இரண்டும்

இக்காலத்தே பெருங் கம்பெனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில், வரவு செலவுக் கணக்கை அடுத்துப் புதியதோர் அத்தியாயம் காணப்படுகின்றது. இன்ன ஊர்ப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினோம், இன்ன கிராமத்துக் கண்மாயைத் தூர் வாரினோம், இத்தனை பெண்டிர்க்குத் தையற்பொறி வழங்கினோம் என்று படங்களுடன் விளக்கும் அவ்வத்தியாயத்திற்குக் ‘கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு’ என்று பெயர் சூட்டியுள்ளனர். இஃது மேனாட்டார் கண்டறிந்த கொள்கை என்றும், வளர்ந்து வரும் நாடுகளாகிய நம்போன்றவை அதனைப் பிற்காலத்தே கற்றுக்கொண்டன என்றும் பலர் எழுதி வருகின்றனர். அங்ஙனம் எழுதுவோர் விருதுநகர்க் கடைவீதிப் பேரேடு ஒன்றைப் புரட்டிப் பார்த்திருப்பரேல், அதில் ‘மகமை’ என்றொரு பற்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு தம் எழுதுகோலைச் சற்றே நிறுத்தியிருப்பர்.

முன்னோர் பெருமையை எடுத்தோதி மகிழ்வதற்காக நாம் இதனை எழுதப் புகுந்தோமல்லேம். அப்பணிக்கு நம் குலத்தில் ஆட்குறைவு என்றும் இருந்ததில்லை. மகமை என்னும் ஏற்பாடு எவ்வாறு நடந்தது, அது எதனைச் சாதித்தது, எதனை எட்டாமல் விட்டது என்று ஆராய்ந்து, இன்று சட்டம் விதித்திருக்கும் கம்பெனித் தருமத்தோடு அதனை ஒப்பு நோக்குதலே நம் கருத்தாகும்.

வாணிகத்தின்மேல் அறத்திற்கெனப் பங்கு ஒதுக்கும் வழக்கம் தமிழகத்தில் ஒரு குலத்தார்க்கே உரியதன்று. சிவகங்கைச் சீமையிலுள்ள பிரான்மலைக் கோயிலிற் காணப்படும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இதற்குச் சான்றாகும். ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் ஒருங்கு கூடி, உப்பு, அரிசி, பயறு, பாக்கு, மிளகு, பஞ்சு, இரும்பு என இன்னோரன்ன சரக்குகளுக்குப் பொதி ஒன்றுக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு, அதனைக் கோயிலுக்கு அளித்த செய்தியை அது கூறுகின்றது. அரசன் ஆணையிட்டு வாங்கிய இறையன்று அது. வணிகர் கூடியிருந்து, தம் மூட்டையின்மேல் தாமே வைத்துக்கொண்ட கடமையாகும். நாட்டுக்கோட்டை நகரத்தாரும் தம் வியாபாரத்தில் மகமை எடுத்தே கோயிற்றிருப்பணியும் வேத பாடசாலைகளும் பிறவும் நடத்தினர் என்பது யாவரும் அறிந்ததே.

நிற்க. நம் குலத்தாரிடை இம்மகமை வேறோர் உருவங்கொண்டது. அதற்குக் காரணம் அக்காலத்து நிலைமையேயாம். 1801ஆம் ஆண்டில் பாளையக்காரர் போர் முடிந்து, வழிப்பறி குறைந்து, பாதைகள் ஒருவாறு சீர்பெற்ற பின்னர், திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து நம்மவர் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் வண்டியிலேற்றிக்கொண்டு வடக்கே இராமநாதபுரச் சீமைக்கு வரலாயினர். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்னும் ஆறு ஊர்களில் அவர்கள் தங்கிக் கடை வைத்தனர். வந்த இடத்தில் அவர்களுக்கு நிலமில்லை. ஆதரவு தரும் உற்றார் இல்லை. கோயில் வாயிலும் ஊர்க் கிணறும் அவர்க்கு அடைபட்டிருந்தன. வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாயிருத்தற்கென மதில் சூழ்ந்த பேட்டைகளை அவர்கள் கட்டிக்கொண்டனர். பேட்டைக்குட் புகும் சரக்கின்மேல் மகமை என்றொரு சிறு தொகை வாங்கப்பட்டது. அத்தொகையைக் காத்துச் செலவிடுதற்கு உறவின்முறை என்னும் சபை அமைந்தது.

இம்மகமையின் அமைப்பை நாம் உற்று நோக்குதல் வேண்டும். முதலாவதாக, அது இலாபத்தின்மேல் விதிக்கப்பட்டதன்று, சரக்கின்மேல் விதிக்கப்பட்டது. மிளகாய் வற்றலோ மல்லியோ பருத்தியோ மூட்டை இறங்கியவுடன் மகமை கணக்கில் ஏறிவிடும். அம்மூட்டையை விற்றவன் பின்னர் இலாபம் கண்டானா, நட்டப்பட்டானா என்பது மகமையைத் தடை செய்யாது. எனவே, மாட்டுக்குத் தீவனம் போலவும் வண்டிக்கு மசகு போலவும் மகமை தொழிலின் செலவுகளுள் ஒன்றாயிற்று. மிஞ்சியதிற் கொடுப்பது என்னும் எண்ணத்திற்கே அங்கு இடமில்லாது போயிற்று. மேலும், கொடுத்தவன் தன் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ள அதில் வழியில்லை. பணம் பொதுவில் கலந்துவிடும். குடும்பத் தலைவர் யாவரும் உறுப்பினராய் அமர்ந்த சபையின் முன், முறை வைத்துப் பொறுப்பேற்ற முறைகாரர் கணக்குச் சொல்லியாக வேண்டும். பெருங்கடைக்காரனையும் சிறுகடைக்காரன் எழுந்து நின்று கேட்கலாம். மகமையை மறைத்தவனுக்கு அபராதமும், மீறினால் விலக்கும் உண்டு. அவ்விலக்கு எத்துணைக் கொடியது என்பதை அக்காலத்தார் அறிவர். பெண் கொடுப்பாரும் இல்லை, கடன் கொடுப்பாரும் இல்லை.

இப்பணம் எங்குச் சென்றது? கிணறு வெட்டிற்று, கோயில் எழுப்பிற்று, வழக்காடிற்று. 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலகத்தின்போது நம்மவர் உயிரையும் உடைமையையும் காத்து நின்றதில் இப்பொதுப் பணத்திற்கும் பங்குண்டு. ஆயினும் அதன் தலைசிறந்த பயன் பள்ளிக்கூடமே என்போம். 1880களில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. அதனைப் போஷித்தது மகமை மாத்திரமன்று. நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு பிடியைத் தனியே கலயத்தில் இட்டுவைக்க, அதனைத் திரட்டி விற்ற பணமும் பள்ளிக்குச் சேர்ந்தது. அதனால் அது பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே பெயர்பெற்றது. கடைக்காரன் மகமை பேரேட்டில் எழுதப்பட்டது. அவன் மனைவியின் பிடியரிசியோ எந்தப் பேரேட்டிலும் இல்லை. நம் குல சரித்திரம் எழுதுவோர் இப்பெண்டிரைப்பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுவது முறையன்று என்று ஈண்டு இடைப்பிறவரலாகச் சொல்லி வைக்கின்றோம்.

1903ஆம் ஆண்டில் விருதுபட்டியிற் பிறந்த காமராஜர் சம்பளமின்றிப் படித்தது அவ்வித்தியாசாலையிலேதான். தந்தையை இழந்து, படிப்பை இடையில் விட்டுக் கடையில் வேலைக்கு அமர்ந்தவர் அவர். அவரே 1954ஆம் ஆண்டில் முதன்மந்திரியாகி, 1956இல் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவு அளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, முதலில் ஊராரின் நன்கொடையையே நம்பித் தொடங்கினார். சர்க்கார் பணம் பின்னரே சேர்ந்தது. ஊர் கூடி ஒரு பிடி எடுத்து வைத்தால் பள்ளி நடக்கும் என்பதை அவர் நூலிற் படித்துத் தெரிந்துகொண்டார் என்று நாம் எண்ணவில்லை.

இனி இக்காலத்துச் சட்டத்திற்கு வருவோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உடைய கம்பெனி, முந்திய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிகளிற் செலவிடல் வேண்டும் என்பது அதன் விதி. கல்வி, சுகாதாரம், வறுமை ஒழிப்பு, சுற்றுப்புறப் பாதுகாப்பு முதலியன அப்பணிகள். கம்பெனி தொழில் நடத்தும் இடத்திற்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் முதலிடம் தருக என்றும் அது கூறுகின்றது. செலவிடாமல் விட்டவர் காரணம் சொன்னாற் போதும் என்று தொடக்கத்தில் இருந்தது. 2021ஆம் ஆண்டில் விதிகள் இறுக்கப்பட்டு, செலவிடாத பணத்தைத் தனிக் கணக்கிற்கோ குறித்த நிதிகட்கோ மாற்றியாக வேண்டும் என்றும், தவறினால் தண்டம் என்றும் ஆயிற்று.

நம் நாடே இதில் முதலாவது என்று சிலர் மார்தட்டுவது பொருந்தாது. மொரீஷியஸ் தீவில் 2009ஆம் ஆண்டிலேயே கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு இதற்கென ஒதுக்கப்படல் வேண்டும் என்று சட்டமாயிற்று. கம்பெனிகள் தத்தம் விருப்பப்படி செலவிடுவதைக் கண்ட அந்நாட்டுச் சர்க்கார், பின்னர் அதிற் பெரும்பகுதியை ஒரு தேசிய நிதிக்கு வாங்கிக்கொள்ளத் தலைப்பட்டது. அதற்கும் முன்னர், 2007ஆம் ஆண்டில் இந்தோனேசியா இயற்றிய 40ஆம் எண் சட்டத்தின் 74ஆம் விதி, சுரங்கம், காடு போன்ற இயற்கை வளங்களைக்கொண்டு தொழில் நடத்தும் கம்பெனிகள் சமூகத்திற்கும் சுற்றுப்புறத்திற்கும் கடமைப்பட்டன என்று கூறிற்று. அவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. அக்கடமைக்குரிய பணத்தைத் தொழிலின் செலவாகவே கணக்கிடல் வேண்டும் என்கின்றது அது. ஜாவாவில் இருந்தோர் பேட்டை மகமையை அறிந்தவரல்லர். எனினும் அவர்களுடைய சட்டம் நம்முடைய பழைய பேரேட்டோடு எவ்வளவு நெருங்கி நிற்கின்றது பாருங்கள்!

செலவாகக் கணக்கிடுதற்கும் இலாபத்திற் பங்காகக் கணக்கிடுதற்கும் என்ன வேற்றுமை, பணம் ஒன்றுதானே என்று கேட்பாரும் உளர். வேற்றுமை பெரிது. இலாபம் என்பது எல்லாச் செலவும் போக நிற்பது. அவ்விலாபம் எவ்வாறு உண்டாயிற்று என்று நூற்றுக்கு இரண்டு கேட்பதில்லை. கூலியைக் குறைத்து வந்த இலாபமாயினும், சாயக் கழிவை ஆற்றில் விட்டு வந்த இலாபமாயினும், அதன் கண்ணுக்கு எல்லா இலாபமும் ஒன்றே. ஒரு கையால் ஆற்றைக் கெடுத்துவிட்டு, மற்றொரு கையால் அவ்வாற்றங்கரை ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்ளலாம். தொட்டிக்குச் செலவான பணம் கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவினும் மிகச் சிறிது என்பதை அப்படம் காட்டாது. மேலும், நூற்றுக்கு இரண்டை எங்கே செலவிடுவது என்று தீர்மானிப்பவர் அக்கம்பெனியின் இயக்குநரேயன்றி, அவ்வூரார் அல்லர். உறவின்முறையிற் சிறுகடைக்காரன் எழுந்து நின்று கேட்ட கேள்வியை, இங்கே எழுந்து நின்று கேட்பதற்கு ஆளில்லை.

இம்மட்டில் நிறுத்தினால் நம் கட்டுரை நம்மவர்க்கு மிகவும் இனிக்கும். ஆனால் மகமையும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அவ்விடம் சிவகாசி.

சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கரிசலும் பொய்க்கும். அந்நிலைமையில் 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, பல மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். அதே 1923இல் சுவீடன் தேசத்துப் பெருங் கம்பெனியும் விம்கோ என்ற பெயரால் இந்நாட்டில் இயந்திரத் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிற்று. உலகச் சந்தையையே கைக்குள் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு எதிரே, இயந்திரமின்றிக் கைவேலையைக்கொண்டு நின்று பிடித்த இத்தொழில், பின்னர் வெடித் தொழிலுக்கும் அச்சுத் தொழிலுக்கும் வழிகாட்டிக் குட்டி ஜப்பான் என்னும் பெயரை அவ்வூருக்கு ஈட்டித் தந்தது. அதன் பயனாய்ப் பஞ்சம் பிழைக்க ஊர்விட்டுச் சென்றோர் தொகை குறைந்தது. இதனை மறுப்பார் யாருமிலர்.

ஆயினும் கைவேலை என்றால் எவருடைய கை? தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குதல் என்றொரு வேலையுண்டு. சட்டத்தின் வரிப்பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாய் அடுக்கிக் கொடுத்தல் அது. கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் முதலியனவும் அத்தகையனவே. விரல் சிறிதாயும் விரைவாயும் இருப்பார்க்கு இவ்வேலை எளிது என்று சொல்லிச் சொல்லியே சிறு பிள்ளைகள், அவருள்ளும் பெண் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் இதில் அமர்த்தப்பட்டனர். விடியுமுன் கிராமந்தோறும் ஆபீஸ் பஸ் சென்று தூக்கக் கலக்கத்தோடு அவர்களை ஏற்றிவந்த காட்சியை 1970களிலும் 1980களிலும் அவ்வட்டாரத்தில் வாழ்ந்தோர் மறந்திரார். மகமைப் பணத்தால் நடந்த நம் பள்ளிகளில் மணி அடித்த வேளையில், சில கல் தொலைவிலே அப்பிள்ளைகள் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தனர். பள்ளியும் நம்முடையது. ஆபீஸுகளுள்ளும் மிகப் பல நம்முடையவை. பள்ளிக்கு மகமை கொடுத்த கையும், அக்கட்டைக்குக் கூலி எண்ணிக் கொடுத்த கையும் சிற்சில வேளைகளில் ஒரே கையாயிருந்தது. இதனை எழுதும்போது நமக்கு இன்பம் உண்டாகவில்லை.

மகமை ஏன் அங்கே செல்லவில்லை? மகமையை விதித்தவர், கொடுத்தவர், கணக்குக் கேட்டவர் அனைவரும் வணிகரே. சபையில் எழுந்து நின்று கேட்கும் உரிமை குடும்பத் தலைவனாகிய உறவினனுக்கு உண்டு. அயல் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்த பெண் பிள்ளைக்கு இல்லை. அவள் பெரும்பாலும் நம் குலத்தவளும் அல்லள், நம் குலத்தவளாயிருந்த இடத்தும் அவளுக்குச் சபையில் இடமில்லை. எவர்க்குச் சபையில் வாயில்லையோ, அவர் துன்பம் மகமைக் கணக்கில் ஏறவில்லை. பிடியரிசி பேரேட்டில் ஏறாததும் இதனாலேயாம் என்று எண்ணத் தோன்றுகின்றது.

ஆகவே, உள்ளிருந்து வராத கேள்வி வெளியிலிருந்து வந்தது. 1986ஆம் ஆண்டில் சிறார் தொழில் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் பிள்ளைகளைக் குறித்து எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. ஆபத்தான தொழிலில் அமர்த்திய பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி ஒரு நிதியிற் கட்டல் வேண்டும் என்றும், அப்பிள்ளையின் குடும்பத்தில் வயது வந்தோர் ஒருவர்க்கு வேலை கிடைக்கச் செய்தல் வேண்டும், இயலாவிடிற் சர்க்கார் 5,000 ரூபாய் சேர்த்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. இத்தீர்ப்பின் கருத்தை நோக்குங்கள். நீ இலாபத்திற் கொடுத்த தருமம் எவ்வளவு என்று நீதிமன்றம் கேட்கவில்லை. நீ வேலை வாங்கிய பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிற்று. மூட்டை எண்ணி மகமை வாங்கிய பழைய முறைகாரர் செய்ததும் இத்தகைய எண்ணிக்கையே. எண்ணப்பட்ட பொருள் மாத்திரம் வேறு.

அதன் பின்னர் அவ்வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் தொகை பெரிதும் குறைந்தது. சட்டம், சத்துணவு, பள்ளிப் பெருக்கம், பெற்றோரின் விழிப்பு, கட்டை அடுக்கும் வேலையையே விழுங்கிவிட்ட இயந்திரம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்தே அப்பயனை விளைத்தன. இதில் முதலாளிமாரின் தருமத்திற்கு எவ்வளவு பங்கு என்று நாம் அளந்து சொல்லப் புகோம்.

வெடித் தொழிலின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். புகையைக் கண்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிச் சென்றோரும் அவருள் அடங்குவர். மருந்துக் கலவை உராய்வினால் தீப்பற்றுவது. ஆதலின் ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருத்தல் வேண்டும், இவ்வளவு மருந்துதான் வைத்தல் வேண்டும், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் கூறுகின்றன. தீபாவளி நெருங்க நெருங்க அவ்வறையில் ஆளும் மருந்தும் ஏறுகின்றன. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகையாய்ப் பலர் கைக்கு மாறுவதும் உண்டு. அங்கு விபத்து நேர்ந்தால் பொறுப்பாளி யார் என்று தேடுவதிலேயே மாதங்கள் கழிகின்றன. விபத்துக்குப் பின் முதலாளி கொடுக்கும் ஈமச் செலவையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் தருமம் என்று ஊரார் போற்றுகின்றனர். அதனைத் தருமம் என்பதற்கு நம் நா எழவில்லை.

இதற்கிடையே வேறொரு கேள்வியும் எழுந்துள்ளது. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வெடிகளிற் பேரியம் உப்பைப் பயன்படுத்தலாகாது என்றும், சரவெடி கூடாது என்றும் விதித்தது. வெடித் தொழிலாளர் பல்லாயிரவர் வயிற்றில் இது அடித்தது என்பது மெய். டில்லிப் பிள்ளைகளின் மூச்சுக்காகச் சாத்தூர்ப் பிள்ளைகள் பட்டினி கிடப்பதா என்று நம்மவர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் குழு ஒன்று நீடித்த வளர்ச்சி என்பதற்கு உரைத்த இலக்கணம், இன்றையோர் தம் தேவையைத் தீர்த்துக்கொள்ளுங்கால் நாளையோர் தேவைக்கு ஊறு செய்யாதிருத்தல் என்பதாம். டில்லிப் பிள்ளையும் சாத்தூர்ப் பிள்ளையும் நாளையோரே. புகை குறைந்த வெடியைக் கண்டறியும் முயற்சியில் சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் இறங்கியது நீதிமன்றம் கண்ணுருட்டிய பின்னரேயன்றோ? அவ்வாராய்ச்சிக்கு நம் தொழில் தன் பொற்காலத்திலே சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு மகமை ஒதுக்கியிருக்குமேல், இன்று கைகட்டி நிற்கும் நிலை வந்திராது.

முதலாளிமார் தரப்பையும் நாம் கேளாமலிருத்தல் நடுவுநிலைமையாகாது. ஆபீஸ் நடத்துவோருட் பலர் சிறு முதலுடையவர். கடன் வாங்கி மருந்தும் காகிதமும் வாங்கிப் பண்டிகை முடிந்து பணம் வரும்வரை உயிரைக் கையிற் பிடித்திருப்பவர். ஒருவன் மாத்திரம் அறைக்கு ஆள் குறைத்து இடைவெளி கூட்டினால், அவன் வெடி விலையேறும், அடுத்த ஆபீஸ்காரன் சரக்கே விலைபோகும். இஃது உண்மை. இவ்வுண்மையே மகமைக்கும் பிறப்பிடமாயிற்று என்பதை நினைவுகூர்க. ஒருவன் மாத்திரம் மூட்டைக்கு மகமை எடுத்திருப்பனேல் அவனும் போட்டியில் நட்டப்பட்டிருப்பான். பேட்டையிற் புகுந்த எல்லா மூட்டைக்கும் ஒரே வீதம் என்று விதித்தமையால் ஒருவர்க்கும் நட்டமில்லாது போயிற்று. தனி ஒருவனால் இயலாதது கூட்டத்தால் இயன்றது.

சிவகாசியின் ஆபீஸுகளிற் பெரும்பாலானவை 135ஆம் பிரிவின் எல்லைக்குள்ளே வாரா. அவை அவ்வளவு பெரியன அல்ல. வரினுந்தான் என்ன? ஒரு கம்பெனி தன் தொழிலாளர்க்கு மாத்திரம் நன்மை தரும் செலவை அந்நூற்றுக்கு இரண்டிற் சேர்த்துக்கொள்ளலாகாது என்று அவ்விதிகளே கூறுகின்றன. இதனைக் குறையாகக் கருதுவோர் உண்டு. நாம் இதனை மிகச் சரியானது என்போம். தொழிலாளிக்குக் காவலான அறை, தகுந்த கூலி, பிணிக்கு மருந்து என்பவை முதலாளி தன் இலாபத்திலிருந்து மனமிரங்கி வீசும் காசு அல்ல. மசகும் தீவனமும் போலத் தொழிலின் செலவு அவை. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1912ஆம் ஆண்டிலேயே 8 மணி நேர வேலை ஏற்படுத்தப்பட்டது. இந்நாட்டுச் சட்டம் அதனை விதிக்க 1948 வரை காத்திருந்தது. அவ்வாலையிலும் 1920ஆம் ஆண்டிலும் 1922ஆம் ஆண்டிலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதையும் மறைத்தலாகாது. தொழிலாளர் கேட்டதும் உண்டு, முதலாளி முன்வந்து செய்ததும் உண்டு. அங்கே அவையெல்லாம் தருமக் கணக்கில் எழுதப்படாமல் ஆலைக் கணக்கில் எழுதப்பட்டன என்பதே நாம் கவனிக்கத் தக்கது.

1921ஆம் ஆண்டில் நம் குலத்தார் கூடித் தூத்துக்குடியில் நிறுவிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு என்று பெயர் மாறிப் பெரு நிறுவனமாய் வளர்ந்து, இன்று 135ஆம் பிரிவுக்கு உட்பட்டுத் தன் நூற்றுக்கு இரண்டைச் செலவிடுகின்றது. அதனை நடத்துவோர்க்குச் சட்டம் வழிகாட்டுகின்றது. சட்டம் எட்டாத சிறு ஆபீஸுகளுக்கு உறவின்முறையே வழிகாட்டியாதல் கூடும்.

ஆதலின் நம் உறவின்முறைச் சபைகளின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். கல்லூரிக் கட்டடத்திற்கும் திருவிழாவுக்கும் மகமை ஒதுக்குதல் போலவே, வெடி ஆபீஸுகளின் அறைக் காவலுக்கென வெடிக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தனி மகமை விதித்தல் வேண்டும். அப்பணத்தில் விதி அறிந்த பார்வையாளர் சிலரைச் சம்பளத்திற்கு வைத்துப் பண்டிகைக்கு முந்திய 4 மாதங்களில் அறை அறையாய்ச் சென்று ஆள் எண்ணச் செய்தல் வேண்டும். விதி மீறிய ஆபீஸின் பெயரைச் சபையில் வாசித்தல் வேண்டும். பார்வையாளருட் சிலரேனும் அவ்வறைகளிலே வேலை செய்த பெண்டிராயிருத்தல் மிக நன்று. எந்த அறையில் எத்தனை பேர் உண்மையில் உட்கார்ந்திருப்பர் என்பது அவர்க்குத் தெரியும். அவர் எழுதும் கணக்கு, மகமைக் கணக்கோடு சேர்த்து, மாதந்தோறும் சபையிற் படிக்கப்படுமா என்பதை உறவின்முறைப் பெரியோர் வரும் மகமைக் கூட்டத்தில் எடுத்துப் பேசித் தீர்மானிப்பாராக.